ஆறு மணி லாப்பும் ஜெசிந்தாவின்ர நித்திரையும்

கையில ஊசி குத்தினவளை ஆயுசுக்கும் மறக்கமாட்டியள். ஆனா அந்த இரத்தத்தைப் பிறகு ஆர் பாக்கினம் எண்டு ஒருநாளும் கேட்டிருக்கமாட்டியள். நாங்கள்தான் பாக்கிறம். ஸ்காபரோவில ஒரு பிளாசாவுக்குள்ள, முன்பக்கம் இரத்தம் எடுக்கிற இடம், பின்பக்கம் அதைச் சோதிக்கிற லாப். அதுக்கு நான் சூப்பவைசர். ஆள் காணாத இடத்தில வேலை செய்து நாரி முறிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தால் கிட்ட வாங்கோ, உங்களுக்குத்தான் சொல்லுறன்.

ஆறு மணிக்கு ரெண்டு பேர்

எங்கட லாப்பில மிஷின் ஓட்டுறது ரெண்டே ரெண்டு பேர். ஒண்டு நான். மற்றது ஜெசிந்தா, மன்னார்ப் பிள்ளை. கை சுத்தம், வாய் நீளம். நானும் லேசுப்பட்ட ஆளில்லை. ரெண்டு பேரும் வாய்ச்சண்டை பிடிச்சுக் கொழுவாத நாள் லாப்பில இல்லை. தலைமை அலுவலகத்துச் சட்டப்படி ரெண்டு பேரும் காலமை ஆறு மணிக்கு நிக்கவேணும், ரெண்டு மணிக்குப் போகவேணும். அதுக்குப் பிறகு வாற சாம்பிளெல்லாம் அடுத்த நாள்தான்.

ஜெசிந்தா போன வருசம் ஸ்ரௌவ்வில்லில வீடு வாங்கினவள். கொட்டுற பனிச் சினோவுக்குள்ள அவ்வளவு தூரத்தில இருந்து ஆறு மணிக்கு வந்து நிக்கிறது எண்டால் எத்தினை மணிக்கு எழும்பவேணும் எண்டு நீங்களே யோசியுங்கோ. வீட்டுக்குக் கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறன் எண்டு தை மாதம் வந்து சொன்னாள். அவள் போனால் நான் துலைஞ்சன். ஏனெண்டால் எங்கட மேலதிகாரி கெவின் ஏற்கனவே சொல்லிப்போட்டான்: மாசி மாத முடிவில ரெண்டு பேர் இல்லையெண்டால் மிஷினெல்லாம் பிறம்ரனில இருக்கிற பெரிய லாப்புக்குப் போகும், மிஷினோட நானும் ஹைவே ஏறிப் போகவேணும். எனக்கு ஹைவே எண்டால் உயிர் போகும். கனடாவுக்கு வந்த நாளில இருந்து உள்றோட்டிலதான் கார் ஓடுறன். சம்பளம் கூட்டித் தரச்சொல்லிக் கேக்கிறன், நில்லடி எண்டு கெஞ்சினன்.

"சம்பளம் காணும் அக்கா, நித்திரைதான் காணாது."

கழுவின கான்

அந்தக் கிழமை ஒரு அன்ரி வந்தா. ஒருநாள் முழுக்கப் போற சலத்தை, அதுதான் மூத்திரத்தை, சேர்த்துக் கொண்டுவரச் சொல்லி ஒரு பிளாஸ்ரிக் கான் குடுத்திருந்தம். அந்தக் கானின்ர அடியில கொஞ்சம் அசிட் விட்டுத்தான் குடுக்கிறது. அது இல்லாட்டி அந்த ரெஸ்ற் செய்யேலாது. அன்ரி கொண்டுவந்த கான் பளிச்செண்டு மினுங்குது, எலுமிச்சம்பழ வாசம் வேற. அசிட்டைக் கொட்டிப்போட்டு, சோப் போட்டு, கொதிதண்ணி விட்டு அலசி, ஹீற்றருக்குப் பக்கத்தில காயவைச்சுத்தான் பாவிச்சவவாம்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அவ்வளவும் வீண், திரும்ப முதலில இருந்து சேர்க்கவேணும் எண்டன். பின்னால ஜெசிந்தா சிரிப்பை அடக்க ஏலாமல் மிஷினைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். அன்ரிக்கு என்னில கோவம் வந்திட்டுது.

"ஆக்களுக்கு ஒரு சாமான் குடுக்கேக்க கழுவிக் குடுக்கத் தெரியாதே பிள்ளை உங்களுக்கு?"

வீட்டில இருந்து வேலை

ஜெசிந்தா போனால் எண்டு ஆள் தேடி விளம்பரம் போட்டன். வந்தது ஒரே ஒரு பெடியன். இங்க பிறந்தவன், படிப்பெல்லாம் திறம், நல்ல மரியாதை. எனக்கு வயித்தில பால் வார்த்த மாதிரி இருந்துது. எல்லாம் கதைச்சு முடிய, கிழமையில மூண்டு நாள் வீட்டில இருந்து செய்யலாமோ எண்டு கேட்டான். தம்பி, இது இரத்தமெல்லோ எண்டன்.

"ரிசல்ற்ஸ் மட்டும் நான் அப்ரூவ் பண்ணுறன் அன்ரி, பிளட்டை நீங்க டீல் பண்ணுங்கோ."

குளிருக்குள்ள வைச்ச இரத்தம்

மாசி மாதம் ஒருநாள் சினோ கொட்டுது. றோட்டெல்லாம் அடைபட்டு, ரெண்டு மணிக்கு வீட்ட போகவேண்டிய ஜெசிந்தா போகேலாமல் நிண்டிட்டாள். சும்மா இருக்க அவளுக்கு வராது. பின்னேரம் வெளிக் கிளினிக்குகளில இருந்து வந்த சாம்பிள்களை எடுத்து ஓட்டத் தொடங்கினாள். பாத்தால் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் பொற்றாசியம் எகிறி நிக்குது. பொற்றாசியம் அந்த அளவுக்குக் கூடினால் இருதயம் நிண்டுபோகும். உடன டொக்டருக்குப் போன் அடிக்கவேணும். அடிச்சம். அதில ஒரு அங்கிளை அந்தச் சினோவுக்குள்ள எமேர்ஜென்சிக்கு ஏத்திக்கொண்டு ஓடியிருக்கினம்.

கெவினுக்கும் சொன்னன். மிஷின் கிழடாப்போச்சு, மாத முடிவு வரைக்கும் பாக்கத் தேவையில்லை, நாளைக்கே எல்லாத்தையும் பிறம்ரனுக்கு அனுப்பு எண்டான். ஜெசிந்தாவுக்கு மூக்கு நுனியில கோவம். "உவனுக்கு என்ன தெரியும்! கையை நீட்டுங்கோ அக்கா" எண்டு என்ர இரத்தத்தை உருவி மிஷினில போட்டாள். என்ர பொற்றாசியம் வடிவா இருக்கு. அப்ப மிஷினில பிழையில்லை. சாம்பிள்களைத் திருப்பிப் பாத்தன், கூடினதெல்லாம் நாலஞ்சு டொக்டர்மார் இருக்கிற ஒரே கிளினிக்கால வந்தது.

அங்க போன் எடுத்தன். புதுசா வேலைக்கு வந்த பிள்ளை, இரத்தம் பழுதாப்போயிடும் எண்டு காலமை எடுத்ததுகளை அப்படியே பிறிட்ஜுக்குள்ள வைச்சிருக்கு. இறைச்சி மீன் வைக்கிற மாதிரி! செல் எண்டு சொல்லுற கலத்தைப் பிரிச்செடுக்காமல் இரத்தத்தைக் குளிரில வைச்சால் கலத்துக்குள்ள இருக்கிற பொற்றாசியம் வெளியில கசியும், கூடினமாதிரிக் காட்டும். அந்தப் பிள்ளையை ஏச வாயெடுத்தன். அது அழத் தொடங்கியிட்டுது, விட்டிட்டன்.

எமேர்ஜென்சியில அங்கிளுக்குத் திரும்ப இரத்தம் எடுத்துப் பாத்தினம். ஒரு பிழையும் இல்லை. அப்பாடா எண்டு கதிரையில விழுந்தன். அங்கிளிட்ட மன்னிப்புக் கேக்க நானே போன் அடிச்சன்.

"எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை, ஆனா நான் தப்பினால் எனக்கு மொட்டை அடிக்கிறதெண்டு மனிசி முருகனுக்கு நேத்தி வைச்சிட்டாள், அதை இனி உங்கட லாப் திருப்பி எடுக்குமோ?"

பத்து மணிக்காரி

அண்டைக்கு ஜெசிந்தா பின்னேரம் நிண்டதாலதான் உது உடன பிடிபட்டது. சட்டப்படி நாங்கள் ரெண்டு மணிக்குப் போயிருந்தால் ரிசல்ற் அடுத்த நாள்தான் வந்திருக்கும். அதுக்கிடையில அந்தப் பிள்ளை இன்னும் எத்தினை பேரின்ர இரத்தத்தைக் குளிரில வைச்சிருக்குமோ! இதைத்தான் கெவினிட்டச் சொன்னன். ரெண்டு பேரும் ஏன் ஒண்டா வரவேணும்? ஆறு மணிக்கு நான் வாறன், ஜெசிந்தா தன்ர சின்ன மகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில ஏத்திப்போட்டுப் பத்து மணிக்கு வரட்டும், பின்னேர சாம்பிளை அவள் பாக்கட்டும். மிஷினில பிழையில்லை எண்டால் மாத முடிவு வரைக்கும் பாப்பம் எண்டு கெவின் இழுத்து இழுத்து ஓம் எண்டான். ஜெசிந்தாவிட்டச் சொன்னன். யோசிச்சுச் சொல்லுறன் எண்டுபோட்டு, அடுத்த நாளில இருந்து பத்து மணிக்கு வரத் தொடங்கினாள்.

மாத முடிவு வந்திட்டுது. பத்து மணிக்கு வந்து கோட்டைக் கழட்டாமலே நிண்டு, "அக்கா, ஆஸ்பத்திரியில எனக்கு வேலை தந்திட்டினம்" எண்டாள். எனக்குக் கண்ணுக்கு முன்னால ஹைவேயும் பெரிய பெரிய லொறியளும் தெரியுது. சந்தோசம் எண்டு சொல்லிப்போட்டு மிஷின் பக்கம் திரும்பினன். அவள் ஆறுதலாக் கோட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டு, கையுறையை மாட்டினாள்.

"நேற்றுப் போய்ச் சுத்திப் பாத்தன் அக்கா, அங்க எல்லாம் தானா பெல்ற்றில ஓடுது, கொழுவ ஒரு சனம் இல்லை, ஒரு கிழமையில எனக்கு விசர் பிடிச்சிடும் எண்டு மாட்டன் எண்டிட்டு வந்திட்டன்."

எனக்கு அழுகை வந்திட்டுது. கையுறை மாட்டினபடி கண்ணைத் துடைக்காதேங்கோ எண்டு அதுக்கும் ஏசினாள்.

லாப் நடத்த வெளிக்கிடுற ஆக்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மிஷினுக்கு வருசத்தில ஒருக்கா சேர்விஸ் செய்தால் காணும், மனுசருக்கு ஒவ்வொரு நாளும் கொழுவ ஒரு நல்ல ஆள் வேணும்.