பாதி வேகத்தில் ஒரு லீடு

எங்கள் வீட்டில் இருந்த ஒரே கிட்டார் என்னுடையது. ஏழாம் வகுப்பில் நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்ன வாக்கியம் இது. கேட்டுக்கொண்டவள் சித்தி மகள். சித்திக்கு சிவகாசியில் நர்ஸ் வேலை, சித்தப்பாவுக்குக் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை. இரண்டுக்கும் நேரம் காலம் கிடையாது என்பதால் அந்த வருஷம் அவளைச் சாத்தூரில் எங்களோடு விட்டிருந்தார்கள். என்னைவிட ஒரு வயது இளையவள். வந்த மூன்றாம் மாதமே என் கிட்டாரை என்னைவிட நன்றாக வாசித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

நவம்பரில் சர்ச் பாடகர் குழு மாஸ்டர் அப்பாவின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அதில் முகத்தில் முடி விழுந்த ஒரு வெள்ளைக்கார ராக் கிட்டார்க்காரர். அவர் கம்பியை விரலால் மேலே தள்ளி, அடுத்த சுரம் வரை ஏற்றி, அங்கேயே நடுங்க விடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர்தான் என்று சொல்லிவிடலாம். கிறிஸ்துமஸ் பாட்டின் நடுவே அதே பாணியில் லீடு, அதாவது கிட்டார் மட்டும் முன்னால் வந்து வாசிக்கும் ஒரு பகுதி, வேண்டும்; ஒரு தேர்வு வைப்பேன், உங்கள் இருவரில் யார் நன்றாக வாசிக்கிறீர்களோ அவருக்கு மேடை என்றார் மாஸ்டர்.

ஆளுக்கு அரைமணி நேரம் போன் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அவள் போனைத் தொடவே தயங்குவாள். நான்தான் வீடியோவைப் போட்டுக் கொடுப்பேன். இரண்டாம் நாள் என் புத்தி வேலை செய்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுக் கொடுத்தேன். ஆமை மாதிரிப் பழகுவாள், தேர்வில் கூட வாசிக்கும் கீபோர்டு முழு வேகத்தில் ஓடும்போது வழியிலேயே நின்றுவிடுவாள் என்பது என் திட்டம். நானோ ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முழு வேகத்தில் பறந்தேன். அவள் ஒரே கம்பியை ஒரே இடத்தில் தள்ளித் தள்ளி விரல் நுனி தடித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“ஏ பிள்ள, அந்தக் கம்பிய அறுக்காம விடமாட்டியா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டபோது எனக்கு ஒரே ஆனந்தம். ஞாயிறு ஆராதனையில் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. தேர்வு முடியட்டும் என்று ஆண்டவரிடம் தவணை கேட்டுக்கொண்டேன்.

தேர்வு நாளில் நான் முதலில் வாசித்தேன். வேகம் இருந்தது. ஆனால் தள்ளிய கம்பி எதுவும் சேர வேண்டிய சுரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மாஸ்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அடுத்து அவள். நான் நினைத்தபடியே கீபோர்டு அவளை முந்திக்கொண்டு போனது. சட்டென்று நிறுத்தினாள்.

“கீபோர்டு அண்ணன ஒருக்கா முதல்லேருந்து வாசிக்கச் சொல்லுங்க சார்.”

இரண்டாம் தடவை வேகத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சுரமும் ஏறியது, நின்றது, நடுங்கியது. சர்ச்சில் கூட்டிப் பெருக்க வந்தவர்கூட விளக்குமாற்றைச் சாத்திவிட்டு நின்றார்.

“எங்கன பிள்ள இதப் படிச்ச?” என்றார் மாஸ்டர்.

“அக்காதான் சார். வீடியோவ மெதுவா ஓடவிட்டுக் குடுத்துச்சு. அதுனாலதான் வெரலு எங்கன போகுதுன்னு தெரிஞ்சுச்சு.”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மேடை அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் என் தோளைத் தட்டினார். கண்டுபிடித்துவிட்டாள், அத்தனை பேர் முன்னால் குத்திக்காட்டுகிறாள் என்று எனக்குக் காதெல்லாம் சுட்டது. வீடு வரைக்கும், “ஏன்க்கா பேச மாட்டேங்குற?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து சித்தி வந்து அவளை விடுமுறைக்குக் கூட்டிப்போகும் வரை நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் சொன்னது வெறும் நன்றி. என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாக நினைக்க அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.