பெருநாளுக்கு வந்த ஹாங்காங்காரர்

பேட்டையில் அக்தர் பானுவை எல்லோரும் ஹாங்காங்காரர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். கணவர் முகம்மது இப்ராஹிமுக்கு அங்கே தையல்கடையில் வேலை. வெள்ளைக்காரன் ஆண்ட ஊர் என்பதால் அவன் கொடுத்த பாஸ்போர்ட்டையே வாங்கிக்கொண்டார். அதோடு இந்தியக் குடியுரிமை போய்விட்டது; அந்தப் பாஸ்போர்ட்டோ இங்கிலாந்தில் குடியேற உதவாது. அது தெரியாமல் பானு தெரு முழுக்கப் பிரியாணி கொடுத்தாள். அப்படி ஒரு பெருமை!

பிறகு லண்டனும் பீஜிங்கும் உட்கார்ந்து பேசி, தொண்ணூற்றேழு ஜூலையில் ஊர் சீனாவுக்கு என்று முடிவு செய்தன. சீனர்களுக்குச் சீனா இருந்தது. இப்ராஹிம் மாதிரி ஆட்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பது மட்டும் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே கிடந்தது.

பானு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். தொண்ணூற்றேழும் பிறந்தது. அந்த வருஷம் மகள் ஷம்ஸியாவுக்குத் தலைப்பெருநாள். மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைக்க வேண்டும்.

"வாப்பா இல்லாம மாப்பிள்ளைய எப்படி உக்கார வைக்க? அறையக் காலி பண்ணிட்டு ஒரேயடியா வந்திருங்க" என்று போனில் அழுதாள்.

பாதி நோன்பில் இப்ராஹிம் வந்து இறங்கினார். "காலி பண்ணியாச்சா?" என்றாள். "ஆச்சு" என்றார்.

பெருநாளுக்குச் சில நாள் முன்பு ரேடியோவில் செய்தி வந்தது. நாடில்லாதவர்களுக்கு முழு பிரிட்டிஷ் குடியுரிமை உண்டாம். ஆனால் அந்தச் சமயத்தில் ஹாங்காங்கில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தானாம். தன் பிடிவாதத்தால் மனுஷனுக்கு நாடே இல்லாமல் போய்விட்டதே என்று பானு மறுகினாள். இப்ராஹிம் எழுந்து ரேடியோவை அணைத்தார்.

மறுநாள் சாயங்காலம், அவர் நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், ஹாங்காங்கிலிருந்து போன். அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் சேக் முகம்மது.

"மைனி, விசாரிச்சுட்டேன். லீவுல ஊருக்குப் போனவங்களுக்கு ஒண்ணும் ஆவாதாம். ஒரேயடியா காலி பண்ணிட்டுப் போனவங்களுக்குத்தான் சிக்கலாம்."

"இவுக காலி பண்ணிட்டுத்தான வந்தாக?"

"யாரு சொன்னா? அண்ணன் கட்டிலு, பெட்டி, தையல் மிஷினு எல்லாம் இங்கனதான கெடக்கு. பெருநாள் முடிஞ்சதும் வந்திருதேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

பானு அல்ஹம்துலில்லாஹ் என்றாள். மனதாரத்தான் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு இதுதானா என்று கோபமும் வந்தது.

இப்ராஹிம் கஞ்சித் தூக்கோடு உள்ளே வந்தார். அதை வாங்கி வைத்தாள்.

"சேக்கு பேசுனாரு. உங்களுக்கு நாடு கெடச்சிருமாம்."

அவர் முகம் மலர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னைக்குப் பொறப்படுதிய?" என்றாள்.

"மாசக் கடைசிக்கு டிக்கெட்டு" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.