எட்டுப் பேரில் ஒரு குரல்

சினிமாப் பாட்டுகளில் கோரஸ் பாடியவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைச் சென்ற மாதம் பார்த்தேன். எந்த இசைத்தட்டிலும் பெயர் அச்சாகாத பெண்கள், இப்போது நரைத்த தலையோடு, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் தாங்கள் வந்தோம் என்று பாடிக் காட்டுகிறார்கள். படம் முடியும்வரை என் அத்தையின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதில் இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கண் சும்மா இருக்கவில்லை.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. போடியில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள், டீச்சர் படிப்புக்காக மெட்ராசில் தன் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். அங்கேயும் கோயிலில் பாடினாள். அங்கிருந்து யாரோ சினிமாவுக்குக் கோரஸ் பாட அழைத்துப் போனார்கள். படிப்பு முடிந்தும் அவள் ஊர் திரும்பவில்லை. தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு எல்லாமே அப்பாதான். அவர் ஏலக்காய் வியாபாரி. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு வருஷம், கிறிஸ்துமசுக்கு அத்தை ஓர் இசைத்தட்டோடு வந்தாள். அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் பெட்டி இல்லை. அப்பா ரேடியோ செட் கடைக்காரரை, பெட்டியும் ஒலிபெருக்கிக் குழாயுமாக, ஏலக்காய் மூட்டைகள் அடுக்கிய எங்கள் கிட்டங்கிக்கே வரவழைத்தார். காய் பொறுக்கும் பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பாட்டின் நடுவில் பெண்கள் கூட்டமாக இழுக்கும் இடம் வந்ததும் அத்தை, "இதுதான்" என்றாள். அது வந்த வேகத்தில் போய்விட்டது. அப்பா ஊசியைத் திரும்பத் திரும்பப் பின்னால் வைக்கச் சொன்னார். கனமாகக் கேட்பதுதான் அவள் குரல் என்றாள் அம்மா. சித்தப்பாவோ, "இல்ல, இந்தா மெல்லுசா வருது பாருங்க" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அது புல்லாங்குழல் என்றார் கடைக்காரர்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "உன் கொரலு எங்க தாயி?" என்றார்.

"எட்டுப் பேரு பாடுறோம்ணே. எட்டும் ஒரே கொரலாக் கேக்கணும். என்னது தனியாத் தெரிஞ்சா அது தப்பு" என்றாள் அத்தை.

அவருக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. காயைச் சல்லடையில் போட்டு ஆட்டி, பெரியதைத் தனியே பிரித்து, அதற்கென்று ஒரு விலை வைக்கிறவர் அவர். நல்ல சரக்கைப் பொடிக் காயோடு கலந்துவிட்டு, தெரியாமல் இருப்பதுதான் அழகு என்றால் எந்த வியாபாரிதான் ஒத்துக்கொள்வார்? "தெரியாமப் பாடுறதுக்கு மெட்ராசு எதுக்கு? அடுத்த பிளேட்டுல உன் கொரலை நான் கேக்கணும். இல்லாட்டி ஈஸ்டர் கழிஞ்சதும் தேவாரத்து மாப்ளைக்கும் உனக்கும் கல்யாணம்" என்று சொல்லிவிட்டார். அந்த மாப்பிள்ளை பக்கத்து ஊரான தேவாரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அத்தை பண்டிகைச் சாப்பாட்டைத் தொடாமலே பஸ் ஏறினாள்.

தவக்காலத்தில் அடுத்த தட்டு தபாலில் வந்தது. மறுபடியும் எல்லோரும் கிட்டங்கியில் கூடினோம். பாட்டின் கடைசியில் பெண்கள் சேர்ந்து இழுத்து, சேர்ந்தே நிறுத்தினார்கள். ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. ஒரு மூச்சு தூரம் தனியாகப் போய், பிறகு அடங்கியது. ஞாயிறுதோறும் கோயிலில் கேட்டுப் பழகிய குரல். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழாயைத் தெருப்பக்கம் திருப்பச் சொன்னார். போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்புக்காரர்கள் வரைக்கும் அதைக் கேட்டார்கள். அன்றே தேவாரத்துக்கு ஆள் அனுப்பி, எங்க பிள்ளைக்கு மெட்ராசுல சோலி கிடக்கு, நீங்க வேற இடம் பாருங்க என்று சொல்லச் சொன்னார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஈஸ்டருக்கு முன்பே அத்தை டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். இனிமேல் இங்கேதான் என்றாள். மெட்ராசுத் தண்ணி ஒத்துக்கலையா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றாள். உண்மையை அடுப்படியில் அம்மாவிடம்தான் சொன்னாள்.

"அண்ணன் கேக்கணுமேன்னுதான் மதினி அந்த எடத்துல இழுத்தேன். மறுபடி பாட நேரமில்லாம பாட்டை அப்பிடியே தட்டுல போட்டுட்டாங்க. என்னைய இனிமே கூப்பிட மாட்டாங்க. அண்ணன்கிட்ட சொல்லிறாதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. நன்றாகப் பாடியதற்காக யாராவது ஆளை நிறுத்துவார்களா? மெட்ராசுக்காரர்களுக்குப் பொறாமை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அம்மா சொல்லவில்லை. அப்பா சொந்தமாகவே பாட்டுப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தத் தட்டு ஓடும். அந்த இடம் வரும்போது அவர் விரலை உயர்த்துவார். அத்தை காப்பித் தட்டோடு நின்று கேட்டுவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்து உள்ளே போய்விடுவாள். அவளுக்கு வெட்கம் என்பார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். எட்டுப் பேர் பாடியதில் எங்கள் அத்தையின் குரல் மட்டும்தான் தனியாகக் கேட்கும் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மற்ற ஏழு பேரும் அந்நேரம் மெட்ராசில் அடுத்த பாட்டைப் பாடிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.