பிரேக்கக்கா கட்டிய பந்தயம்

ஓட்டுநர் பள்ளியில் அவளுக்குப் பிரேக்கக்கா என்று பெயர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அதை மிதிப்பதற்குள் வாய் முந்திவிடும். "யம்மா தாயே, அது சுவரு! கேட்டு இல்ல!"

அவளிடம் கற்க வந்தவர்களில் ஒருத்தி பிரசவ வார்டு நர்ஸ். ஊசி போடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் வெடவெடத்தது. ஒருநாள் சிக்னலில் நின்றபோது பிரேக்கக்கா பேச்சுவாக்கில் தன் பிரசவக் கதையை எடுத்துவிட்டாள். மகள் வயிற்றில் இருந்தபோது பிரஷர் எகிறியது, முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது, மாதம் நிறையும் முன்பே அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தது. அவள் சொன்ன விதத்தில் அது ஒரு சிரிப்புக் கதை.

நர்ஸ் சிரிக்கவில்லை. "அதுக்கப்புறம் பிரஷர் பாத்தீங்களா? யூரின் டெஸ்ட்?"

"எதுக்கு? புள்ள பொறந்துச்சு, பிரஷர் போச்சு. அவ இப்ப மூணாங்கிளாஸ்."

"போன பிரஷர் திரும்பி வரலாம்க்கா. இப்படி ஆனவங்களுக்குப் பின்னாடி கிட்னி கெட மத்தவங்கள விட வாய்ப்பு ஜாஸ்தி. ஆரம்பத்துல வலிக்காது, ஒண்ணும் காட்டாது. டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்."

பச்சை விழுந்தது. "வண்டிய எடு," என்றாள் பிரேக்கக்கா. அன்றிலிருந்து டெஸ்டை நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தடித்தாள். ஏதாவது சொல்லிவிடுவார்களே என்ற பயம். டெஸ்ட் பண்ணாதவரை கிட்னி நல்ல கிட்னிதானே!

நர்ஸ் விடவில்லை. "பந்தயம் கட்டலாமா? மைதானத்துல நட்டு வச்சிருக்கற கம்புல ஒண்ணுகூட சாயாம நான் ரிவர்ஸ்ல பார்க் பண்ணிட்டா, நீங்க டெஸ்டுக்கு வரணும்."

பிரேக்கக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த மைதானத்தில் நர்ஸ் சாய்க்காத கம்பே இல்லை. "சரி, கட்டு!"

மறுநாள் கார் பின்னால் நகர்ந்தது. நர்ஸ் நாக்கைக் கடித்தபடி கண்ணாடியைப் பார்த்தாள். இடது கம்பு தப்பியது. வலது கம்பும் தப்பிவிடும் போலிருந்தது. பிரேக்கக்காவின் கால் தன் பிரேக்கின் மேல் இருந்தது. லேசாக மிதித்தால் போதும். வண்டி குலுங்கும், நர்ஸ் பதறுவாள், கம்பு சாயும். டெஸ்டும் இல்லை, ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இத்தனை நாள் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்ததைத் தானே கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"என்னைப் பாக்காத! கண்ணாடியப் பாரு!"

கார் கோட்டுக்குள் அழகாக நின்றது. நர்ஸ் ஹாரனை விடாமல் அடித்தாள்.

ரிசல்ட் வாங்கப் போன அன்று டாக்டர் பேப்பரைப் புரட்டிய நேரத்தில் பிரேக்கக்காவின் கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"கிட்னி நல்லா வேலை செய்யுதும்மா. யூரின்ல புரதம் மட்டும் கொஞ்சம் கசியுது, பிரஷரும் ஏறியிருக்கு. நல்ல நேரத்துல வந்தீங்க. மாத்திரைய விடாதீங்க, உப்பக் குறைங்க, நான் சொல்றப்பல்லாம் டெஸ்டுக்கு வாங்க. கிட்னியக் காப்பாத்திக்கலாம்."

வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இனிமே சமையல்ல உப்பு பாதிதான்."

"எனக்குமா?"

"உங்களுக்கு என்ன தனி அடுப்பா? ஆமா, உங்க தங்கச்சிக்கும் பிரசவத்துல பிரஷர் வந்துச்சுல்ல? நாளைக்கு அவளையும் ரெடியா இருக்கச் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரின்னா அவ வரமாட்டாளே!"

"ஊர் சுத்திக் காட்டுறேன்னு சொல்லுங்க. கார்ல ஏத்தினப்புறம் மீதிய நான் பாத்துக்கறேன்."