ஆறு பேர், ஐந்து முகம்

அமலராணிக்குக் கோபம் வந்தால் முதல் காரியமாக மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பாள். பொன்மலை ரயில்வே பணிமனையின் ஸ்டோர்ஸ் ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவள். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அந்த ஹாலில் டீ உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்காது என்று சொல்வார்கள். ரிட்டயராகி ஒரு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பாலக்கரை வீட்டில் அவள் கண்ணாடியைக் கழற்றியது ஒரு மொபைல் போனுக்காக.

"ஆறு பேர் நிக்கிறோம். அஞ்சு முகம்னு சொல்லுது. எண்ணத் தெரியாததெல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வருது?"

மகள் ஷெர்லின் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். ஆல்பம் செய்கிற அந்த ஆப்பை அம்மாவுக்குப் போனில் ஏற்றிக் கொடுத்த பாவமும் அவளுடையதுதான்.

"எங்கம்மா, காட்டு."

எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கிறிஸ்மஸுக்கு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள், இரட்டைப் பின்னலோடு அமலராணி, இடது ஓரத்தில் அக்கா ரோசரி. யார் யார் என்று பெயர் எழுதுவதற்காக ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஆப் ஒரு மஞ்சள் கட்டம் போட்டிருந்தது. ரோசரிக்கு மட்டும் கட்டம் இல்லை.

"பெரியம்மா கொஞ்சம் டார்க்கா இருக்காங்கல்ல, அதான் பிடிக்கல. கையால கட்டம் போட்டுக்கலாம்மா" என்று ஷெர்லின் விரலால் இழுத்துக் காட்டினாள். உடனே திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது: இது ஒரு முகமா? ஆம். இல்லை.

கேட்டதே ஒரு கேள்வி! எழுபது வயதாகப் போகிற மனுஷி. மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து எத்தனையோ பிள்ளைகளைக் கையில் ஏந்தி எடுத்தவள். அவள் முகத்தைப் பார்த்து, இது முகமா என்று ஒரு போன் கேட்கிறது. அமலராணி 'ஆம்' என்பதைக் குத்திய குத்தில் போன் திரை விரிசல் விடாமல் இருந்தது பெரிய விஷயம்.

ரோசரி பிறந்தது அக்டோபர் ஏழு, ஜெபமாலை மாதா திருநாள் அன்று. பெயரும் அப்படித்தான் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளவில்லை என்பதும் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைதான். பெண் பார்க்க வந்தவர்கள் நாலு பேர்; நாலு பேரும் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு தங்கமான பொண்ணு, கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பின் ரோசரி யாருக்கும் காபி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இப்போது ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். மீன் வாடை வரக்கூடாது என்பது அந்த வீட்டு ஓனரின் கண்டிஷன். அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துத் தங்கை வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அந்த அக்காவின் எழுபதாவது பிறந்த நாளுக்குத்தான் இந்த ஆல்பம். 'டிஜிட்டல் ஸ்கிராப்புக்' என்று ஷெர்லின் சொன்னாள். படம், பழைய கடிதம், நர்ஸ் பேட்ஜ், ஆஸ்பத்திரி ஐடி கார்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பக்கம் பக்கமாக அடுக்கி, கீழே நாலு வரி எழுதி, புத்தகமாக அச்சடித்துக் கொடுப்பது. அமலராணிக்கு யோசனை பிடித்துப்போனது. படம் தேடும்போதுதான் வயிறு எரிந்தது. அக்காவின் எழுபது வருஷத்துக்கும் சேர்த்துக் கிடைத்தவை பத்தொன்பது படங்கள். கேமராவைக் கண்டாலே, "எனக்கெதுக்குடி போட்டோ" என்று நகர்ந்துவிடுகிறவள். நகர வைத்தது யார் என்பதுதான் அமலராணியின் கேள்வி.

ஷெர்லினுடைய ஆப் அத்தோடு விடவில்லை. பக்கத்தில் வைத்த படத்தை அதுவாகவே 'அழகுபடுத்தியது'. பேட்ஜ் குத்திய வெள்ளை யூனிஃபார்மில் ரோசரி நிற்கிற படத்தை வைத்தால், சுண்ணாம்பு அடித்தது போல ஒருத்தி சிரித்தாள்.

"யாருடி இது?"

"ஃபில்டர்மா. தானா வந்துடும். ஆஃப் பண்ணிக்கோ."

ஆஃப் செய்தாள். அடுத்த பக்கத்துக்குப் போனால் மறுபடி வந்தது. மூன்றாவது முறை வந்தபோது மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் இப்படி வெள்ளையடிச்சுதான் போடுறியா?"

"எல்லாரும்தான்மா போடுறாங்க."

"எல்லாரும் கிணத்துல விழுந்தா நீயும் விழுவியா?"

ஷெர்லின் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் பிலோமின்ராஜ் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷ அனுபவம்.

மறுநாள் அமலராணி பென் டிரைவை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கிற ஜெய்சங்கரின் ஸ்டுடியோவுக்குப் போனாள். கல்யாண ஆல்பம் போடுகிறவன். அவனிடம் இருப்பது பெரிய சாஃப்ட்வேர். வேலை செய்து பார்த்துப் பிடித்திருந்தால் அதையே நாமும் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. "பேஷா பண்ணிடலாம் மேடம்" என்று ஜெய்சங்கர் படத்தைத் திறந்தான். நாலு தட்டுத் தட்டினான். ரோசரி வெளுத்துப் போனாள்.

"தம்பி, யாரு உங்களை இப்படிப் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்ல மாட்டாங்க மேடம், நாங்களே ரெண்டு ஷேடு ஏத்திடுவோம். ஏத்தலேன்னாதான் சண்டைக்கு வருவாங்க."

"நான் ஏத்தினதுக்குச் சண்டைக்கு வந்திருக்கேன். இறக்குங்க."

இறக்கினான். பொறுமைசாலி, அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்து அமலராணியின் கல்யாணப் படம் வந்தது. தொண்ணூறாம் வருஷம், கோயில் படிக்கட்டு. வெள்ளைப் புடவையும் தலையில் நெட்டும் கையில் பூச்செண்டுமாக அமலராணி, கோட்டில் வியர்த்துக்கொண்டு பிலோமின்ராஜ், இரண்டு பக்கமும் குடும்பம்.

"பிறந்த நாள் கொண்டாடுற அக்கா இதுல இல்லையே மேடம்?"

"இல்ல."

"சேத்துடலாமே. இந்த சாஃப்ட்வேர்ல அது ஒரு விஷயமே இல்ல."

வேண்டாம் என்று சொல்வதற்குள் முடித்துவிட்டான். பட்டுப் புடவை கட்டி, தங்கையின் தோளை ஒட்டி, ரோசரி நின்றுகொண்டிருந்தாள். அதே வெயில், அதே நிழல். நிறத்தையும் இந்த முறை ஏற்றவில்லை. அவ்வளவு அழகாக அக்கா சிரித்து அமலராணி பார்த்ததே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இது போதும், இதைக் கொடுத்தால் போதும், அக்கா ஒருவேளை அழுதுவிடுவாள் என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து ஷெர்லினிடம் காட்டினாள். "சூப்பர்மா! இதையே வாங்கிடலாம்" என்றாள் மகள். அந்தச் 'சூப்பர்' காதில் விழுந்ததும்தான் அமலராணிக்குப் பொறி தட்டியது.

"வாங்க வேணாம்."

"ஏன்?"

"அன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? போட்டோக்காரர் 'குடும்பமெல்லாம் வாங்க'ன்னு கூப்பிட்டாரு. எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'ரோசரி, பந்தில யாரும் இல்ல, நீ போய்ப் பாரு'ன்னுட்டாங்க. மூத்தவளுக்கு இன்னும் ஆகலியான்னு மாப்ள வீட்டுல நாலு பேரு கேப்பாங்களாம். பெத்த பொண்ணு! முப்பத்தஞ்சு வயசுல, சம்பாதிச்சு என் கல்யாணத்துக்குப் பாதி செலவு பண்ணவ. அவளைப் போய் பிரியாணிக்குத் தால்ச்சா ஊத்துற வாளியைத் தூக்க அனுப்புனாங்க. இப்ப இந்தப் படத்தை ஆல்பத்துல வெச்சா, அம்மா பண்ணது நடக்கவே இல்லேன்னு ஆயிடும்ல?"

இந்தக் கதை ஷெர்லினுக்குப் புதிதல்ல. பாட்டி இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பி வரும் வழியில் அம்மா இதைச் சொல்லித் திட்டாமல் வந்தது கிடையாது.

மூன்றாவதாக ஷெர்லின் தேடிக் கண்டுபிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியது ஓர் இலவச சாஃப்ட்வேர். பார்ப்பதற்கு மூதேவி போல இருந்தது. சாம்பல் நிறத் திரை, பூ இல்லை, சட்டம் இல்லை, எங்கே தொட்டாலும் புரியாத பெயரில் ஒரு பட்டியல் விரிந்தது. ஆனால் ஷெர்லின் சொன்ன ஒரு வார்த்தையில் அமலராணி விழுந்துவிட்டாள்.

"நீயா சொல்லாம இது ஒரு புள்ளியைக்கூடத் தொடாதும்மா."

இன்னொன்றும் சொன்னாள். மற்ற ஆப்பில் சேவ் செய்துவிட்டால் படமும் எழுத்தும் ஒட்டி ஒன்றாகிவிடும். அப்புறம் ஓர் எழுத்தை மாற்றவேண்டுமென்றாலும் பக்கத்தையே மறுபடி செய்யவேண்டும். இதில் எல்லாம் தனித்தனி அடுக்கு. படம் ஓர் அடுக்கு, எழுத்து ஓர் அடுக்கு. எப்போது வேண்டுமானாலும் ஒன்றை மட்டும் உருவித் திருத்தலாம்.

"ஃபைல்ல டேக் போட்டுக் கோத்த மாதிரின்னு சொல்லேன்" என்றாள் அமலராணி. அத்தோடு பிடித்துக்கொண்டாள்.

பிடித்துக்கொண்டாள் என்றால், மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். ஒருநாள் ஐடி கார்டு பக்கம் முழுவதும் காணாமல் போய், பிறகு வேறொரு பக்கத்துக்கு அடியிலிருந்து கிடைத்தது. "மதியம் சோறு உண்டா, இல்ல அதுவும் ஒரு அடுக்குலதான் இருக்கா?" என்று பிலோமின்ராஜ் கேட்டார். அவருக்கு ரசம் சோறு கிடைத்தது.

அந்த மூன்று வாரத்தில்தான் அந்தக் கை கிடைத்தது. கல்யாணப் பந்திப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையாகச் சாப்பிடுகிற சொந்தக்காரர்கள். வலது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், தால்ச்சா வாளியோடு ஒரு கறுத்த கை. முகம் இல்லை, உடம்பு இல்லை. மணிக்கட்டில் வாட்ச். டயல் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. நாடி பார்க்கும்போது கையைத் திருப்பாமல் மணி பார்ப்பதற்காக ரோசரி எப்போதும் அப்படித்தான் கட்டுவாள்.

அமலராணி அந்தக் கையை மட்டும் வெட்டியெடுத்து ஒரு முழுப் பக்கத்துக்கு வைத்தாள். வெளுக்கவில்லை, தூசியைக்கூட எடுக்கவில்லை. கீழே எழுதினாள்: 'பந்தியைப் பார்க்க அம்மா அனுப்பியபோது, அக்கா. 1990.' எழுதி முடித்ததும் நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இனி யார் கேட்டாலும் அச்சில் பதில் இருக்கிறது.

பிறந்த நாளுக்கு முந்தின ஞாயிறு. ரோசரி வந்தாள், மீன் குழம்பில் இரண்டாம் முறையும் சோறு பிசைந்து சாப்பிட்டாள், கை கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று அமலராணிதான் கூப்பிட்டாள்.

"யாருடி இந்தக் கறுப்பி?" என்றாள் முதல் பக்கத்திலேயே. அமலராணியின் கை கண்ணாடிக்குப் போனது. "கோவிச்சுக்காதடி. நல்லாத்தான் இருக்கா."

பேட்ஜைப் பார்த்துச் சிரித்தாள். ஐடி கார்டைப் பார்த்து, "இந்தப் போட்டோ எடுக்கறப்ப எனக்குக் காய்ச்சல்" என்றாள். இது முகமா என்று போன் கேட்டதை ஷெர்லின் சொன்னபோது, "நீ என்ன சொன்னே, ஆமான்னுதானே?" என்று தங்கையைக் கேட்டாள். பிறகு அந்தக் கை வந்தது.

ரோசரி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "என் வாட்ச்சுடி" என்றாள். பிறகு கீழே இருந்ததைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"அம்மா இல்ல."

"என்னக்கா?"

"அம்மா அனுப்பல. அம்மா என் கையைப் புடிச்சுப் படியில நிக்கத்தான் வெச்சாங்க. நீதான் திரும்பிப் பாத்து, 'அக்கா, பந்தில யாரும் இல்ல, நீ போய்ப் பாரேன்'னே. போனேன். நான் திரும்பி வர்றதுக்குள்ள போட்டோக்காரரு குடும்பப் படத்தை எடுத்து முடிச்சுட்டாரு."

அமலராணி கண்ணாடியைக் கழற்றினாள். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் காதருகே வந்து, "மூத்தவங்களா? இன்னும் ஆகலியா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. பூச்செண்டின் காம்பு கையில் குத்தியது நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் அம்மாவின் வாயில் வைத்துச் சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைகள் அம்மாவின் குரலிலேயே அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தன. இப்போது சொந்தக் குரலில் கேட்டன.

"ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"சொல்லி? நீ அம்மாவைத் திட்டிட்டே இருந்தே. உயிரோட இருக்கறப்பவும் திட்டுனே, கல்லறையில வெச்சும் திட்டுனே. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டுதான் வரும். இன்னிக்கு அச்சுல வேற போடப் போறியாக்கும். செத்தவங்க எந்திரிச்சு வந்து இல்லேன்னா சொல்லப் போறாங்க?"

ஷெர்லின் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். பிலோமின்ராஜின் பேப்பர் அசையவில்லை.

"இதை மாத்த முடியுமா?" என்று கேட்டாள் ரோசரி. "இல்ல, எழுதினா எழுதினதுதானா?"

"மாத்தலாம்."

"மாத்து."

அமலராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எழுத்து இருக்கிற அடுக்கைத் தேடித் தொட்டாள். 'அம்மா' என்கிற சொல்லை அழித்தாள். அந்த இடத்தில் 'நான்' என்று அடித்தாள். இரண்டு தடவை தப்பாக விழுந்தது. ரோசரி அவசரப்படுத்தவில்லை, உதவிக்கும் வரவில்லை.

முடிந்ததும் குனிந்து, வாய்விட்டுப் படித்தாள்: "பந்தியைப் பார்க்க நான் அனுப்பியபோது, அக்கா." மணிக்கட்டின் உள்பக்கம் பார்த்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"இப்ப அச்சுக்குக் குடு" என்றாள்.