பெரிய பிளக்

நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு மனிதர் விற்பனை மேசையிலிருந்து குடோனுக்குத் தள்ளப்பட்டார்.

எண்பதுகளில் நான் ராசிபுரத்தில் ஆசிரியர். வீட்டில் நானும் மனைவியும் மட்டுமே. அவளுக்குக் கேக் சுட ஆசை. மேசைமேல் வைக்கும் ஓவன் வாங்கச் சேலம் போனேன். கடையில் விற்பவர் ஒல்லியானவர், சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். எந்த ஓவனைக் கேட்டாலும் தம் சாப்பாட்டுத் தூக்குப்போசியை உள்ளே வைத்து அளவு காட்டுவார்.

“ரெண்டு பேருக்கு இந்தச் சின்னதே போதுமுங்க. ஊட்ல பெரிய பிளக் இருக்குதுங்களா? லைட்டுப் பாயிண்டுல மாட்டினா கருகிப்போயிருமுங்க.”

இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, இருக்கிறது என்றேன். லைட்டுப் பாயிண்டில்தான் மாட்டினேன். பாயிண்டோடு ஓவனும் கருகியது. மறுநாள் கடை முதலாளியிடம், “நான் வாத்தியாருங்க. உங்க ஆளு ஒண்ணுமே சொல்லலீங்க” என்று கத்தி, பதிலுக்குப் புது ஓவன் வாங்கிக்கொண்டேன். ஓவன் விற்றவர் பக்கத்திலேயே நின்றார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பிளக் இல்லாததால் புது ஓவன் பெட்டியிலேயே கிடந்தது. ஒரு மாதம் கழித்துச் சேலம் போனபோது, அவர் அந்தக் கடையின் குடோனில் பெட்டி சுமப்பதைக் கண்டேன். நேரே முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அன்றே அவர் மேசைக்குத் திரும்பினார்.

அடுத்த ஞாயிறு, கூப்பிடாமலே வீடு தேடி வந்து பெரிய பிளக் பொருத்தினார்.

“அன்னிக்கு ஏனுங்க பேசாம நின்னீங்க?”

திருகாணியை முறுக்கியபடியே சொன்னார்: “கடை நெறைய ஆளுங்க. வாத்தியாரு பொய் சொல்றாருன்னு நான் எப்படிங்க சொல்றது?”