பெரும்பாறையில் எண்ணெய் காய்ச்சிய நாட்கள்

ஐம்பதுகளின் நடுவில், கல்லூரியில் வேதியியல் முடித்த கையோடு, பெரும்பாறையில் அண்ணன் வைத்திருந்த காப்பித் தோட்டத்துக்குப் போனேன். கனலும் மரக்கரியில் நீராவியைச் செலுத்தி, அதில் வரும் வாயுவைச் சூடான இரும்புத்தூள் வழியே அனுப்பினால் எண்ணெயாக மாறும் என்று படித்திருந்தேன். அந்தப் பைத்தியம் அண்ணனையும் தொற்றிக்கொண்டது. தோட்டத்தின் பழைய கொட்டகையில் குழாய்களைப் பூட்டினோம்.

இரும்புதான் சொன்னபடி கேட்கவில்லை. துருவைச் சுட்டு, சாம்பல் உப்பான பொட்டாஷைக் கலந்து, விதவிதமாகச் செய்து பார்த்தேன். உதவாத தூளை ஒருநாள் வெளியே பாறையில் கொட்டியபோது, தீக்குச்சி கிழிக்காமலே அது செக்கச்செவேலென்று கனன்றது. மிளகு பறிப்பவர்கள் அன்றிலிருந்து அந்தப் பக்கமே வருவதில்லை. எங்களுக்குச் சமைத்துப்போட்ட உள்ளூர் அம்மா ஒருவர் மட்டும் வருவார்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல். மலைமேல் மஞ்சுமூட்டம் இறங்கியிருந்தது. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருந்தோம். யாரோ கதவைத் தட்டினார்கள். அண்ணன் போய்த் திறந்தார். யாரும் இல்லை. சற்று நேரத்தில் மறுபடியும் தட்டல். இம்முறை நான் திறந்தேன். வாசலின் ஈரமண்ணில் காலடித் தடமே இல்லை. கதவை மறுபடியும் சாத்தினேன்.

மூன்றாம் முறை கேட்டபோது எழுந்திருக்கத்தான் நினைத்தேன். கால்கள் வரவில்லை. அண்ணன் நாற்காலியில் தலை சாய்ந்து, கன்னம் சிவந்து, தூங்குகிறவர் போல் இருந்தார்.

கண் விழித்தபோது புல்லில் கிடந்தேன். பக்கத்தில் அண்ணன் இருமிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"கண்ணத் தொறங்க தாயி! சுவரோரக் கூண்டுல கோழியெல்லாம் செத்துக் கெடக்கு. பாத்ததும் பதறிப்போயி உள்ள ஓடியாந்தேன்."

"முன்னாடியும் நீங்கதானே தட்டினீங்க?"

"நான் எங்க தட்டுனேன்? இம்புட்டு நேரமும் அடுப்படியிலதான கெடந்தேன்."

குழாய் மூட்டு ஒன்று கசிந்திருந்தது. மணமற்ற அந்த நச்சு வாயு கொட்டகையை நிறைத்து, சுவர் இடுக்கு வழியே கூண்டுக்குள்ளும் போயிருக்கிறது. நாங்கள் கேட்ட தட்டல், காதுக்குள் ரத்தம் அடித்த ஓசையாக இருக்கும் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா?" என்றார்.

அந்த இரண்டு முறையும் கதவைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட்டிராவிட்டால், அந்த அம்மா வரும்வரை நாங்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டோம்.

அடுத்த வாரமே சுவர்களை இடித்துவிட்டோம். கூரை மட்டும் மிஞ்சிய கொட்டகையில், தை மாதம், சாம்பல் உப்பைக் குறைத்துச் செய்த இரும்பு ஒரு கரண்டி எண்ணெய் தந்தது. திரி போட்டு ஏற்றினேன். புகையில்லாமல் நின்று எரிந்தது.

"இதுக்கா ரெண்டு உசுரப் பணயம் வச்சீக?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

அண்ணன் சுடரைப் பார்க்கவில்லை. கதவு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.